வடக்கை மேலே வைத்துத் தோண்டிய குழி

என் பிரியமான அண்ணே,

காய்ச்சலில் நீ போய் ஐந்து மாதம் ஆகிறது. ஆரியசாலை வீட்டில் உன் மேசையைத் தினமும் துடைத்துத்தான் வைக்கிறேன். திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றான பிறகும் நம் வரைபட ஆபீசில் பெயர்ப்பலகை மட்டும்தான் மாறியிருக்கிறது. சூப்பிரண்டு அதே ஆள்தான். அவர் உன் மண்கோட்டையைத் தோண்டிவிட்டார். தவளை கிடைத்தது.

சண்டைக் காலத்தில் விமானத்திலிருந்து எடுத்த படங்கள் நமக்கு வந்தபோது, அவற்றை மடித்து ஜன்னலுக்கு முட்டுக் கொடுத்த மனுஷன் அவர். நீதான் அதில் பொன்முடி போகிற வழியில், மரச்சீனிக் கிழங்குத் தோட்டத்தின் நடுவே ஒரு சதுரத்தைப் பார்த்தாய். பழைய கோட்டையின் மண்மதில், அதைச் சுற்றி அகழி. நடந்து போகிறவன் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. படத்தில் மேடுபள்ளம் காட்டும் ஆபீஸ் ஸ்டீரியோஸ்கோப்பை அவர் அலமாரியில் பூட்டி வைத்திருந்தார். நீ சாலைக் கடைத்தெருவில் இரண்டு லென்ஸ் வாங்கி மரப்பெட்டியில் பொருத்தினாய். ஒரே இடத்தின் இரண்டு படங்களை அடியில் வைத்துப் பார்த்தால் மேடும் பள்ளமும் எழுந்து நின்றன.

"ஏளா, நெழல் நம்ம பக்கமாட்டு விழணும். மாத்தி வச்சா மேடு குழியாத் தெரியும், குழி மேடாத் தெரியும்" என்று எனக்குக் காட்டினாய். அதற்காக வடக்கு கீழே வரும்படி படத்தைத் தலைகீழாகத் திருப்பியபோதுதான் சூப்பிரண்டு வந்து நின்றார்.

"வடக்கு மேல இருக்கணும்னு கூட அறிஞ்சூடாதா ஓய்? நீரெல்லாம் எந்து டிராப்ட்ஸ்மேன்?"

ஆபீசே சிரித்தது. டைப் மெஷினுக்குப் பின்னால் உட்கார்ந்து நானும் சிரித்தேன், அண்ணே. எனக்கு என்ன கேடு வந்தது?

நீ போன பிறகு, மேலதிகாரி வரப்போகிறார் என்றதும் இவருக்குத் திடீரென்று சரித்திர ஞானம் பிறந்தது. மதிலையும் அகழியையும் குறித்து நீ வரைந்திருந்த தாளை ஒதுக்கிவிட்டு, படத்தை வடக்கு மேலே வைத்துப் பார்த்தார். அகழி அவருக்கு மதிலாகத் தெரிந்தது. அங்கேயே தோண்டச் சொன்னார். இடவப்பாதிப் பருவமழை குழியை நிரப்பிவிட்டது. அந்த மேதை குடை பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் மதிலைத் தேடினார்.

முந்தாநாள் ரிப்போர்ட்டை எழுதிக் கொண்டுவந்து என் மேசையில் போட்டார். காலஞ்சென்ற டிராப்ட்ஸ்மேனின் தவறான குறிப்பால் நேர்ந்த வீண்வேலையாம். உன் பெயர் முழுசாக, இனிஷியலோடு இருந்தது.

உன் மரப்பெட்டியை எடுத்துப்போய் அவர் முன்னால் வைத்து, படத்தைத் திருப்பினேன். குனிந்தவர் வெகுநேரம் நிமிரவில்லை. மதில் அவருக்கும் எழுந்து நின்றது. காது சிவந்ததில் தெரிந்தது. பிறகு மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

"செரி, செரி. ரிப்போர்ட்டு டைப் ஆச்சா?"

இதற்கு என்ன பெயர் வைப்பாய் நீ? தெரியாமல் செய்திருந்தால்கூட மன்னித்துவிடலாம். இந்த ஆளை இத்தனை வருஷம் 'சார்' என்று கூப்பிட்டதற்கு வாயைக் கழுவ வேண்டும்போல் இருக்கிறது.

திங்கட்கிழமை மேலதிகாரி வருகிறார். ரிப்போர்ட் இருக்கவேண்டிய இடத்தில் உன் பெட்டி இருக்கும். நிழல் அவர் பக்கம் விழும்படி படத்தை நானே வைப்பேன். பக்கத்தில் நீ வரைந்தது இருக்கும். அதன் மேல், கண்டுபிடித்தவர் என்று டைப் அடித்து, உன் பெயரைச் சேர்த்துவிட்டேன். முழுசாக, இனிஷியலோடு. வேலை போனால் போகட்டும். இந்தத் தடவை யார் சிரித்தாலும் நான் உன் பக்கத்தில் நிற்பேன்.

அன்று சிரித்த உன் தங்கை,
சிவகாமி