இரண்டு சின்னத்தம்பிகள்

குளுவாங்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் லோஷினிக்கு, அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், அந்த டப்ளின் குளிரில் நீயும் சுகமாக இருக்க மாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன். போனில் பேசினால் அழுதுவிடுவேன், அதனால்தான் கடிதம்.

நீ அனுப்பிய பாலோ தோட்டத்துப் பழைய பெயர்ப்பதிவை அப்பா கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தார். ஐயாசாமி மகன் சின்னத்தம்பி 1944இல் காய்ச்சலில் இறந்து தோட்டத்திலேயே புதைக்கப்பட்டவர். மூக்கன் மகன் சின்னத்தம்பி அதற்கு முந்தின வருஷம் சயாமுக்கு ரயில் பாதை போட ஜப்பான்காரர்களால் கொண்டுபோகப்பட்டவர், அதற்குப் பிறகு அவரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அப்பாவின் பிறப்புப் பத்திரத்தில் தகப்பன் பெயர் மூக்கன் மகன் சின்னத்தம்பி என்றுதானே இருக்கிறது. அப்படியும், இத்தனை நாள் கும்பிட்ட குழி வேறொருவருடையது என்பதை அவர் நம்பவில்லை. அதே தோட்டத்தில் பிறந்த திருச்செல்வம் அண்ணன் இப்போது பாசிர் கூடாங்கில் மகன் வீட்டில் இருக்கிறார், தொண்ணூற்றிரண்டு வயது, அவரைப் போய்ப் பார்த்தோம். அவர் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "ரெண்டு பேரு இருந்தாங்க தம்பி. உங்கப்பாவ லாரியில ஏத்துனத நான் பார்த்தேன். நீ வயித்துல இருந்த, உங்கம்மா லாரி பின்னாடியே ஓடுனாங்க" என்றார்.

பெற்றவளும் சின்ன வயதிலேயே போய்விட, தோட்டத்தில் யாரோ காட்டிய குழியைத் தகப்பன் என்று நம்பி, பாலோவில் அதற்குக் கல் வைத்தவர் அப்பா. எங்கள் கல்யாணப் பத்திரிகையைக்கூட முதலில் அங்கேதான் வைத்தார். வீட்டுக்கு வந்து, "அப்ப எங்கப்பா எங்க கெடக்கறாரு தனம்?" என்று கேட்டார். அவர் அழுது அன்றைக்குத்தான் பார்த்தேன்.

போன வெள்ளிக்கிழமை பாலோவுக்குப் போகவேண்டும் என்றார். கல்லைப் பெயர்க்கத்தான் போகிறார் என்று பயந்தேன். அவரோ எப்போதும்போலப் புல்லை வெட்டிப் பால் ஊற்றினார். "இவரு பொண்டாட்டி புள்ளைங்க அப்பவே ஊருக்குப் போயிட்டாங்களாம், நானும் வராட்டி யாரு லா வருவா" என்றார். பிறகு குனிந்து மண்ணைத் தொட்டு, "இத்தன வருஷமா தப்பா கூப்பிட்டுட்டேன், மன்னிச்சுக்குங்க" என்றபோது எனக்குத் தாங்கவில்லை.

ஏன் தேடினோம் என்று நீ மனம் நோகாதே. அப்பாவுக்கு உன்மேல் வருத்தமில்லை. வேளைக்குச் சாப்பிடு, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ. எங்கிருந்தாலும் தாத்தா உன்னைக் காப்பார், நீ நன்றாக இருப்பாய். ஒன்றை மட்டும் மறக்காதே. நம் வம்சாவளியில் அவர் இறந்த வருஷம் 1944 என்று போட்டிருந்தாயே, அதை எடுத்துவிடு. அங்கே 'வீடு திரும்பவில்லை' என்று எழுதச் சொன்னார் அப்பா.

உன் அம்மா,
தனலெட்சுமி