பெட்டிக்குப் பின்னால் இரண்டு ஓட்டை

ஐப்பசி 18, செவ்வாய்

விடியலிலிருந்து மழை. துணி காயவில்லை. சிலிண்டர் புக் பண்ணணும்.

அவர் போய் முப்பத்தொரு நாள். போட்டோவும் இரண்டு வாரமாக வரவில்லை. போட்டோ பார்க்க அவர் போனில் வைத்துக் கொடுத்த சின்னப் படத்தைத் தொட்டால் சுற்றுகிறது, சுற்றுகிறது, அப்புறம் வெள்ளை. ஹாலில் கறுப்புப் பெட்டி அது பாட்டுக்கு உறுமிக்கொண்டிருக்கிறது. பச்சை லைட் எரிகிறது.

ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் பார்க்கிற வேலை அவருக்கு. வீட்டில் இந்த ஒரு பெட்டிக்குள் மூன்று கம்ப்யூட்டர் வைத்திருந்தார். நிஜமாக மூன்று இல்லை, ஒன்றே மூன்றாக நடிக்குது என்பார். ஒன்றில் ஆபீஸ் வேலை பழகிப் பார்ப்பார். ஒன்றில் பாட்டு. ஒன்றில் போட்டோ, எங்கள் கல்யாணத்திலிருந்து எல்லாம்; போனுக்கு அங்கிருந்துதான் வரும். காப்பி எடுத்து வைக்கணும், வைக்கணும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

கே.கே. நகரிலிருந்து கொழுந்தன் முருகேசன் போன். "அண்ணி, அது மூளை போன பெட்டி. லைட் எரிஞ்சா ஆச்சா? ஞாயித்துக்கிழமை வரேன். தில்லை நகர்ல தெரிஞ்ச கடை இருக்கு, எல்லாத்தையும் அழிச்சு புதுசாப் போட்டுத் தருவான். என் பொண்ணு ப்ரியா படிக்க ஆகும்."

சரி என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன்.

எதிர் போர்ஷன் சரோஜா சாம்பார் கொண்டுவந்தாள். "மனுஷன் போனா அவர் கை பட்ட சாமானும் கூடவே போயிடும்ங்க." அவள் போனபிறகு அழுகை. சாம்பாரில் உப்பே இல்லை.

ஐப்பசி 19, புதன்

மழை விட்டிருக்கு. இரண்டு டம்ளர் அரிசி போட்டுவிட்டேன், பழக்கம். மிச்சம் தண்ணி ஊற்றி வைத்தாச்சு.

யோசித்து யோசித்து சாகுலுக்குப் போன் போட்டு, முருகேசன் சொன்னதையும் சொன்னேன். அவரோடு வேலை பார்த்தவர், வீடு பாலக்கரை.

"ஏன்க்கா, ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லக்கூடாதா? நாளைக்கு ட்யூட்டி முடிச்சு வரேன். அதுவரைக்கும் யாரையும் தொட விடாதீங்க. முருகேசன் அண்ணனையும்தான்."

வாங்க: ரவை, கடுகு, கொசுவர்த்தி.

ஐப்பசி 20, வியாழன்

சாயங்காலம் 5 ம. சாகுல் வந்தார். தோளில் டி.வி. மாதிரி ஒன்று, கையில் பன் பாக்கெட். பெட்டியில் மாட்டி என்னவோ தட்டினார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அக்கா, மூணும் உள்ள உயிரோட இருக்கு."

தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"அப்ப ஏன் வரலை?"

"உள்ளுக்குள்ள மூணும் ஒண்ணோட ஒண்ணு ஜோராப் பேசிக்குது. தெருவுக்கு வரத்தான் வழியில்லை. நடுவுல ஒரு பாலம் இருக்கு, பிரிட்ஜ்னு சொல்வோம், அதைப் பாக்கணும்."

"பாலமா? எங்க இருக்கு?"

"கையால தொட முடியாது. பெட்டிக்குள்ள எழுதியே கட்டினது." சுற்றிப் பார்த்தார். "இந்த வீட்டுப் பொது நடை இருக்கே, அது மாதிரி. நாலு போர்ஷன், நாலு கதவு, எல்லாம் நடையிலதான் திறக்குது. தபால் வந்தா அவங்கவங்க பேருக்குத் தனியா வருது. வெளி ஆளுக்கு நீங்க நாலு தனிக் குடும்பம். ஆனா தெருவுக்குப் போக ஒரே வாசல்."

"வாசலை அடைச்சா?"

"நீங்க சொல்லுங்க."

"சரோஜாவோட சண்டை போடலாம். பால்காரர் வர முடியாது."

"பாஸ் ஆயிட்டீங்கக்கா!"

பெட்டியைத் திருப்பினார். பின்னால் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை, ஒரே மாதிரி. நெட் ஒயர் இரண்டாவதில்.

"இதை யாரு மாத்தினது?"

கருமாதிக்கு முதல் நாள் வீடு முழுக்கக் கழுவிவிட்டேன். பெட்டியைக் கட்டில் மேல் தூக்கி வைத்தேன். திரும்ப மாட்டும்போது எந்த ஓட்டை கண்ணில் பட்டதோ அதில் சொருகினேன். டக்கென்றது, லைட் எரிந்தது. சரி என்று விட்டுவிட்டேன்.

"நான்தான்."

"அண்ணன் நடையை முதல் வாசலோடதான் சேத்திருக்காரு. ரெண்டாவது சும்மா செவுத்துல நிக்கிற கதவு. லைட் எரியும். நடைக்குப் போகாது."

நான்தான். அவர் கட்டினது கட்டினபடியே இருக்கு. அவரோடு எதுவும் போகவில்லை. ஒரு தப்புப் பண்ணி இவ்வளவு நிம்மதியானது இதுதான் முதல்.

ஒயரை நீங்களே மாத்துங்கக்கா என்பதுபோல் தள்ளி நின்றார். மாற்றினேன். போனைத் தொட்டேன். வெள்ளை.

"அரை நிமிஷம் பொறுங்க. மாட்டின உடனே வழி விடாது. முதல்ல காது கொடுத்துக் கேக்கும், யாரு எந்தப் பக்கம்னு தெரிஞ்சுக்கும், அப்புறம்தான் விடும்."

எண்ணினேன். முப்பத்தி நாலில் வந்தது. வரிசை வரிசையாக, சின்னச் சின்னக் கட்டமாக. கண்ணாடி போடாததால் எது யார் என்று தெரியவில்லை. பரவாயில்லை.

சாகுல் பன்னைப் பிரித்தார். "டீ உண்டா இல்லையா?"

ஐப்பசி 21, வெள்ளி

முருகேசனுக்குப் போன். பெட்டி தர முடியாது என்றேன். "சரியாயிடுச்சா? யாரு பண்ணினது?" நான் கெடுத்தேன், நானே மாட்டினேன் என்றேன். அப்புறம், "அண்ணன் கல்யாணத்துல நான் ட்ரம்ஸ் வாசிச்ச போட்டோ இருக்கா அண்ணி?" இருக்கு.

பால் ½ லி. போதும் என்று சொல்லியாச்சு.

ஐப்பசி 22, சனி

நல்ல வெயில். சாகுல் காலையில் வந்து எல்லாவற்றையும் ஹார்ட் டிஸ்க் என்று ஒரு சின்ன டப்பாவில் காப்பி எடுத்துக் கொடுத்தார். பீரோவில், பட்டுப் புடவைக்கு அடியில்.

மதியம் முழுக்கப் போட்டோ. பாதிக்குப் பாதி ஆளே இல்லை. மோட்டார் ஸ்டார்ட்டர், டி.வி. பின்பக்கம், கேஸ் ட்யூப். எதையும் கழற்றுவதற்கு முன்னால் படம் எடுத்துக்கொள்வார். இந்தப் பெட்டியின் பின்பக்கமும் இருந்தது. ஒயர் முதல் ஓட்டையில், பளிச்சென்று. இதைப் பார்த்திருந்தால் அன்றைக்கே மாட்டியிருப்பேன். ஆனால் இதுவும் அந்தப் பெட்டிக்குள்ளேதானே இருந்தது!

சத்தமாகச் சிரித்துவிட்டேன். சரோஜா நடையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

படத்தின் ஓரத்தில் டார்ச் பிடித்திருக்கிற கை. என் வளையல்.

ஸ்டிக்கர் பொட்டு அட்டையில் மிச்சம் ஏழு. பெரிதாக ஒன்று எடுத்து முதல் ஓட்டைக்கு மேலே ஒட்டினேன். நாளைக்கு வீடு கழுவணும்.