இருபத்து மூன்றாம் குழாய்

12 மார்ச் 2001, திங்கள். காலையிலேயே கொளுத்தல்.

வெட்கத்தை விட்டு எழுதிவிடுகிறேன். கல்லூரி மொட்டைமாடிப் படியில் சாக்பீஸ் தூளைத் தூவிவைத்து, அதில் பதிந்த செருப்புத் தடத்தை ஸ்கேலால் அளந்தேன். திருடன் அகப்பட்டான் என்று அரைமணி நேரம் பூரிப்பு. தடம் என்னுடையது.

ஆனாலும் சந்தேகம் தீரவில்லை. பத்து மணிக்கு வெயிலில் வைக்கும் சோதனைக்குழாய் ஸ்டாண்டு, வகுப்பு முடிந்து நாலுக்குப் போனால் ஒரு சாண் தள்ளி இருக்கிறது. தினமும்.

பாண்டிதான். எங்கள் வேதியியல் துறையில் என்னோடு பாடம் நடத்துகிறவன். என்னைவிடப் பத்து வயது இளையவன், பெயருக்கு முன்னால் முனைவர். நான் நாற்பத்தெட்டு வயதில் பகுதிநேர ஆராய்ச்சி மாணவன்.

13, செவ்வாய்.

எட்டு ரசாயனம் மாப்பிள்ளை வீடு, ஐந்து பெண் வீடு. எல்லா ஜோடியும் போட்டால் நாற்பது குழாய். வெயில் பட்டால் எது எதோடு சேரும் என்று மண்டையை உடைப்பதில்லை. எல்லாவற்றையும் காயவைத்து, மாலையில் சொட்டுச் சொட்டாகத் தகட்டில் வைத்து, புறஊதா விளக்கில் புதுப் புள்ளி தேடுவது. சுத்தமான தரகர் வேலை. ஒப்பிட்டுப் பார்க்க இருட்டிலும் நாற்பது வைக்க வேண்டும். குழாய் இல்லை. அப்புறம்.

23-இல் புதுப் புள்ளி. மூன்றாவது நாளாக.

பாண்டி வராந்தாவில் மறித்தான். “என்னண்ணே, மாடியில ஊறுகா போட்டுருக்கீகளாம்?”

“ஆமப்பா. ஒனக்கு ஒரு பாட்டில் எடுத்து வைக்கவா?”

“இருபத்தி மூணாம் நம்பர்ல குடுங்க.”

நம்பர் எப்படித் தெரியும்?

14, புதன். லேசான மேகம்.

வாங்க: சீயக்காய், காப்பித்தூள், மாடிக் கதவுக்குப் பூட்டு.

மதுரையிலிருந்து நெறியாளர் போன். “மாசக் கடைசிக்குள்ள ஒரு புது வினையாவது காட்டலைன்னா ஒங்க பதிவு ரத்தாயிரும் சார். எங்கையில ஒண்ணுமில்ல.” பதினோரு வருடம்.

வீட்டில் சொன்னேன். அம்மணி: “ரத்தானா நல்லதுதேன். ஞாயித்துக்கெழமையாச்சும் மனுசனா இருப்பீக.”

15, வியாழன்.

ஆசிரியர் அறைக் காலண்டரில் 23-ஐச் சிவப்பு மையில் சுழித்து, ‘குழாய்’ என்று எழுதிவைத்த மகான் நானேதான். அதற்காகப் பாண்டி நல்லவன் ஆகிவிடமாட்டான்.

அவன் முந்துவதற்குள் நெறியாளருக்குப் பதிவுத் தபால். ‘இவ்வினை சூரிய ஒளியால் மட்டுமே நிகழ்கிறது.’ ‘மட்டுமே’க்கு அடியில் இரண்டு கோடு. போட்டாயிற்று. ஒரு வடை கூடுதலாகத் தின்றேன்.

16, வெள்ளி. அனல்.

பூட்டோடு மாடிக்குப் போனேன். படியில் விளக்குமாறோடு காளியம்மாள், துறையைப் பெருக்குகிறவர்.

“பூட்டிப்புட்டா நா எப்பிடி சார் போறது?”

“ஒங்களுக்கு அங்கன என்ன வேலை?”

“நல்லாக் கேட்டீக. நீங்க எறங்கிப் போனதும் அந்தக் கண்ணாடிகளத் தூக்கித் தண்ணித்தொட்டிக்கு அடியில வச்சு, ஈரச்சாக்கப் போட்டு மூடுறது ஆரு? எங்க வீட்டுக்காரரு சோடாக் கடையில வெயில்ல பாட்டில் வெடிச்சு, அவருக்குக் கண்ணு போகப் பாத்துச்சு. நாலு மணிக்கு நீங்க வர்றதுக்குள்ள பழையபடி வெயில்ல எடுத்து வச்சிருவேன்.”

“எத்தன நாளா?”

“மொத நாள்ல இருந்தேதான் சார்.”