நாற்பத்தொன்றுக்குப் பத்து

சுவாமே, குமாசி
வெள்ளிக்கிழமை

என் அன்புக்குரிய பல் டாக்டர் அத்தானுக்கு,

சேட்டைக்காரி செர்வா எழுதிக்கொள்வது. இங்கு எல்லோரும் சுகம் என்று தொடங்குவதுதான் முறை. அப்படித் தொடங்கிய இரண்டு தாள்களைக் கிழித்துவிட்டேன். உங்கள் கைபேசி எண் செத்துக் கிடப்பதால் நீங்கள் ஊரைவிட்டுப் போயிருக்கும் தமாலேவுக்கு ஓடும் பேருந்தின் ஓட்டுநரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். தயவுசெய்து பிரித்துப் படியுங்கள்.

அம்மாவின் உதிரிபாகக் கடையில் உங்கள் இடத்துக்கு ஒரு புது மெக்கானிக் வந்திருக்கிறார். அச்சின் நடுவில் மாட்டும் பல்சக்கரப் பெட்டி, அதுதான் பழைய டிஃபரன்ஷியல், கேட்டு யார் வந்தாலும், "எல்லாம் ஒரே சைஸ்தாம்மா, தூக்கிட்டுப் போங்க" என்கிறார். நீங்கள் இருந்திருந்தால் அவர் காதைத் திருகியிருப்பீர்கள். "வெளியில பாத்தா எல்லாம் அண்ணன் தம்பி மாதிரிதான் இருக்கும். பல்லை எண்ணு. பெரிய பல்சக்கரத்துல எத்தனை, சின்னதுல எத்தனை? முன்னச்சுல என்ன கணக்கோ அதேதான் பின்னச்சுலயும். இல்லேன்னா நாலு சக்கரமும் சேந்து இழுக்கிறப்ப ஒண்ணை ஒண்ணு முறிச்சிடும்." எத்தனை முறை கேட்டிருப்பேன்!

"அக்கா, கல்யாணத்துக்கு முன்னாடி இவர் பல்லையும் எண்ணிப் பாத்துக்கோ" என்று நான் சொன்னதும், "உன் வாய்க்குப் பிரேக்கும் இல்ல, ரிவர்ஸும் இல்ல" என்று நீங்கள் துணியை விட்டெறிந்ததும் ஞாபகம் இருக்கிறதா? டுஃபியே அக்கா அன்று சிரித்த சிரிப்பு. அதற்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

சொல்ல வந்ததைச் சுற்றி வளைக்கிறேன். இனி நேராகவே எழுதுகிறேன்.

அஜெய் மாமாவின் பிக்கப்புக்கு, முன்னச்சின் கணக்குக்கு ஒத்துவர, நீங்கள் எடுத்து வைத்தது நாற்பத்தொன்றுக்குப் பத்துப் பல். பக்கத்தில் கிடந்தது நாற்பத்துமூன்றுக்குப் பதினொன்று. இரண்டின் மேலும் மஞ்சள் மெழுகுக்கட்டியால் எழுதிவிட்டுச் சாப்பிடப் போனீர்கள். நான் இரண்டையும் அழித்து எண்களை மாற்றி எழுதினேன். இப்போது நாற்பத்தொன்று என்று பொய் சொல்லும் பெட்டியின் அடிப்பக்கத்தில், சட்டென்று கண்ணில் படாதபடி, நாக்கை நீட்டும் ஒரு முகமும் வரைந்தேன். நீங்கள் எடுக்க வரும்போது "ஏமாந்தீங்களா டாக்டர்!" என்று கத்துவதாகத் திட்டம். அதற்குள் அம்மா என்னைச் சந்தைக்குச் சோளமாவுக் கெங்கே உருண்டை வாங்க அனுப்பிவிட்டாள். திரும்பி வந்தால் நீங்கள் மாட்டி முடித்திருந்தீர்கள், மாமா வண்டியோடு போயே போய்விட்டார்.

குறித்து வைத்ததை மறுபடி எண்ணுவதில்லை என்பது நம் பட்டறையின் வழக்கம். குறி என்பது மெக்கானிக்கின் வாக்கு. அந்த வாக்கைத்தான் நான் அழித்தேன்.

அன்றே சொல்லியிருக்கலாம். பின்சக்கரம் மட்டும் இழுத்தால் ஒன்றும் ஆகாது, மாமா அடுத்த வாரம் வரும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. வாழைக்காய்ச் சுமையோடு மேடேறும்போது நான்கு சக்கரத்துக்கும் மாற்றியிருக்கிறார். உள்ளே பல் உடைந்து, வண்டி பின்னால் சரிந்து கவிழ்ந்தது. ஆஸ்பத்திரியில் மாமாவின் ஒரு காலை முழங்காலுக்கு மேலேயே எடுத்துவிட்டார்கள்.

உடைந்ததைப் பட்டறைக்கு இழுத்து வந்த நாளில் கூட்டத்துக்குப் பின்னால் நானும் நின்றேன். நீங்கள் அதைக் கழற்றி வெளியே எடுத்தீர்கள். அந்த முகத்தைப் பார்த்தீர்கள். பிறகு என்னைப் பார்த்தீர்கள். பெட்ரோல் துணியால் ஒரே துடைப்பு. "நான்தான் எண்ணாம மாட்டிட்டேன்" என்றீர்கள். அம்மா உங்களை என்னவெல்லாம் சொன்னாள்! அக்காவைப் பெண் கேட்டுக் கதவு தட்டும் சடங்குக்கு நீங்கள் கொண்டுவந்த இரண்டு மதுப் புட்டிகளையும் அன்று மாலையே உங்கள் வீட்டுக்குத் திருப்பி அனுப்பினாள். என் நாக்கு எவ்வளவு நீளம் என்று ஊருக்கே தெரியும். அன்று அது அசையவில்லை.

இன்று காலை எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். அம்மா அடிக்கவில்லை, அடித்திருந்தால் தேவலை. அஜெய் மாமா, "அந்தப் பையனைக் கூப்பிடுங்க. நான் அவனைச் சபிச்சிருக்கேன், அதை நான் திருப்பி எடுத்துக்கணும்" என்றார். என் பக்கம் திரும்பவே இல்லை.

டுஃபியே அக்கா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "அவருக்குத் தெரியுமாடி?" தெரியும் என்றேன். "எங்கிட்ட கூடச் சொல்லாம போயிட்டாரா?" என்று உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டவள்தான். அம்மா தட்டினாள், நான் தட்டினேன். திறக்கவில்லை.

அத்தான், என்னை மன்னிக்க வேண்டாம். அதைக் கேட்க எனக்கு வாயில்லை. வாருங்கள். அம்மா புட்டிகளைத் திரும்பக் கேட்க இங்குள்ள உங்கள் வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறாள். ஆனால் அந்தக் கதவை நீங்கள்தான் வந்து தட்ட வேண்டும்.

வழியெல்லாம் கடவுள் உங்களுக்கு நல்ல சாலையைத் தரட்டும்.

இப்படிக்கு,
செர்வா

பி.கு: என் கடிதங்களின் அடியில் வழக்கமாக ஒரு முகம் வரைவேன். இதில் வரையவில்லை.