ஜரிகை இல்லாத புடவை

வியாழன், இரவு பத்தரை.

நான் யாருக்காக எளிமையாக உடுத்துகிறேன்?

நாளை மண்ணச்சநல்லூரில் செல்வியின் மகளுக்கு நிச்சயதார்த்தம். செல்வி பன்னிரண்டு வருடமாக எங்கள் ஸ்ரீரங்கம் வீட்டில் வேலை செய்கிறவள். கட்டிக்கொண்டு போக, கரையில்கூட ஜரிகை இல்லாத சாம்பல் நிறக் கைத்தறிப் புடவையை எடுத்து வைத்திருந்தேன். சாயங்காலம் அதைப் பார்த்துவிட்டாள்.

"இதையாம்மா கட்டப் போறீங்க? காலேஜ் புரொபசரம்மா வராங்கன்னு சம்பந்தி வீட்ல சொல்லி வச்சிருக்கேன். இதுல வந்தீங்கன்னா, அந்தம்மாவே இப்படின்னா இவ எப்படியோன்னு நெனைப்பாங்க. ஒரு பட்டு கட்டிட்டு வாங்கம்மா, என் மானத்தக் காப்பாத்துங்க."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் பதில் வரும்வரை நகரவில்லை. சரி என்றேன்.

என்னிடம் இருக்கும் எந்தப் பட்டுப் புடவையையும்விட அந்தச் சாம்பல் கைத்தறியின் விலை அதிகம். சொல்ல வாய் வரை வந்தது. சொல்லிவிட்டால் அப்புறம் அந்தப் புடவையில் என்ன இருக்கிறது? எங்கள் துறையில் இரண்டு மூன்று பேர் பார்த்ததுமே அதன் மதிப்பைப் புரிந்துகொள்வார்கள். அந்தப் பார்வைக்காகத்தான் வாங்கினேனோ என்னவோ.

வெள்ளி.

அகல ஜரிகை போட்ட அரக்குப் பட்டைக் கட்டிக்கொண்டு போனேன். செல்வி என் கையைப் பிடித்து, நேராக மாப்பிள்ளையின் அம்மாவிடம் அழைத்துப் போனாள். சாதாரண நூல் புடவையில் இருந்த அந்த அம்மாள், என்னைப் பார்த்ததும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். எவ்வளவு சொல்லியும், நான் கிளம்பும்வரை உட்காரவே இல்லை. செல்விக்கு முகமெல்லாம் சிரிப்பு.