கூட்டாளி பார்க்க வேண்டிய முடிச்சு

அன்புள்ள அக்காவுக்கு,

கர்த்தருடைய கிருபையால் இங்கே எல்லாரும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். பொய் எழுதக் கை வரவில்லை. பயமாக இருக்கிறது அக்கா. நாளைக் காலை இவர் மறுபடியும் கயிற்றில் இறங்குகிறார்.

இடுப்பு எலும்பு கூடிவிட்டது என்று டாக்டர் சொன்னதிலிருந்து இவருக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. கண்ணாடி துடைக்க ஊரில் எத்தனையோ கட்டடம் இருக்க, விழுந்த அதே கட்டடத்துக்குத்தான் போகிறார். போதாததற்குக் கூட்டாளியாக நெட்டையனையே கேட்டு வாங்கியிருக்கிறார்.

இவர்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. தன் முடிச்சைத் தானே பார்த்துக்கொண்டு இறங்கக் கூடாது. கூட்டாளி பார்த்துச் சரி சொல்ல வேண்டும். இவர் விழுந்த அன்று நெட்டையன் திரும்பிக்கூடப் பார்க்காமல் "சரிண்ணே" என்று குரல் கொடுத்திருக்கிறான். அண்ணன் கட்டினால் தப்பாது என்ற நம்பிக்கையாம். முடிச்சு நழுவியது தரையை நெருங்கிய பிறகு என்பதால் உயிர் மிஞ்சியது.

ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே இவர் அவனை மன்னித்துவிட்டார். எனக்கு ஆகவில்லை. ஆலயத்தில் அவன் உட்காரும் பக்கம் திரும்புவதேயில்லை. பரமண்டல ஜெபத்தில் மன்னிப்பு வரும் இடத்தில் என் வாய் தானாக மூடிக்கொள்கிறது. போதகரம்மா கவனித்துவிட்டு, "தொண்டை கட்டிக்கிச்சாம்மா?" என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன்.

மன்னிச்சா மன்னிச்சுட்டுப் போங்க, உயிரை எதுக்கு அவன் கையில குடுக்குறீங்க என்று இவரிடம் சண்டை போட்டேன். இனி அவனைப் போல முடிச்சுப் பார்ப்பவன் உலகத்திலேயே கிடையாது என்று சிரிக்கிறார். வாய்க்கு ஒன்றும் குறைச்சலில்லை. நேற்று கயிற்றில் கோக்கும் பெல்ட்டை இடுப்பில் மாட்டிப் பார்த்தபோது விரல் நடுங்கியது. பார்க்காதவள் மாதிரி அடுப்படிக்குள் போய்விட்டேன்.

இன்று மத்தியானம், இவர் கடைக்குப் போயிருந்த நேரம், நெட்டையன் வந்தான். விபத்துக்குப் பிறகு இப்போதுதான் எங்கள் வாசலை மிதிக்கிறான். தலை வாசல் நிலையில் இடித்தும் தடவிக்கொள்ளவில்லை. "அண்ணி, வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, நான் நாளைக்குப் போகல. எனக்கே பயமா இருக்கு" என்றான்.

வேண்டாம் என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது அக்கா. அவனுக்கென்றே இத்தனை நாள் சேர்த்து வைத்திருந்த வசவெல்லாம் அதற்குப் பின்னால் நின்றது. அப்போது அவன் கையைப் பார்த்தேன். இவர் விரல் நடுங்கிய அதே நடுக்கம்.

"போ. ஆனா வெறும் வாயால சரின்னு சொல்லாத. தொட்டுப் பார்த்துட்டுச் சொல்லு" என்றேன். அவ்வளவுதான் வந்தது. படியில் உட்கார்ந்து அழுதான். தண்ணீர் கொடுத்தேன். பழையபடி தம்பி என்று கூப்பிட வாய் வரவில்லை.

இந்தக் கடிதம் உனக்குக் கிடைப்பதற்குள் நாளை என்ன நடக்குமோ அது நடந்து முடிந்திருக்கும். ஆனாலும் ஜெபம் பண்ணு அக்கா. கர்த்தருக்கு முன்னே பின்னே உண்டா? இவருக்காக ஜெபிக்கும்போது அவன் கைகளுக்காகவும் ஜெபி. அவன் பெயர் என் ஜெபத்தில் இன்னும் வரவில்லை. எனக்குப் பதிலாக நீயாவது சொல்லிவிடு.

உன் பிள்ளைகளைக் கர்த்தர் காப்பாராக.

பயத்தோடும் பிரியத்தோடும்,
உன் தங்கை