அகழி வீட்டுக்கு ஒரு கையெழுத்து

நவம்பர் 4, செவ்வாய்

காலையிலிருந்து ஈரப் பனி. பஸ் பிந்தியது. முழங்கால் நோ.

யாழ்ப்பாணத்திலிருந்து தங்கச்சி போன் எடுத்தாள். "அக்கா, பக்கத்து வளவுக்காரர் அகழியை மண் போட்டு நிரப்புறாங்கள். வாசல் வளைவில கல்லும் கழட்டுறாங்கள். வீடு என்ர பேரில இருந்தால் நான் வழக்குப் போடுவன்."

எழுதித் தருகிறேன் என்றேன். அரசர் காலத்து வீடு. கட்டியவர் யாரென்று தெரியாது. பறங்கியர் பறித்தார்கள், ஒல்லாந்தர் யாரோ முதலியாருக்கு விற்றார்கள் என்பார் அப்பா. அதன்பிறகு தாயிடமிருந்து மகளுக்குச் சீதனமாக இறங்கி, கடைசியில் எனக்கு. மிச்சம்: வளைவு, அரைச் சுவர், மூன்று பக்க அகழி, பற்றை.

வீடு வேணுமோ என்று மகளையும் ஒரு சொல் கேட்டேன். "ப்ளீஸ் அம்மா. எனக்கு இந்தக் கொண்டோ வீடே காணும்."

நவம்பர் 6, வியாழன்

வேலை முடிந்து லோயரிடம். சின்னப் பெடியன், பொறுமையானவன்.

"அன்ரி, யாழ்ப்பாணத்துத் தேசவழமைச் சட்டப்படி கலியாணம் கட்டின பொம்பிளை வீடு வளவு எழுதிக் குடுக்கிறதெண்டால் புருசன்ர சம்மதம் எழுத்தில வேணும்."

"அவர் பிரிஞ்சு போய்க் கனகாலம், தம்பி."

"டிவோர்ஸ் எடுத்தனீங்களோ?"

இல்லை. ஆர் அதுக்கு அலையிறது என்று விட்டது. என்ர வீட்டுக்கு அவருடைய கையெழுத்தாம். பத்திக்கொண்டு வந்தது. இது முடிய டிவோர்ஸையும் தொடங்குங்கோ என்று சொல்லிவிட்டு எழும்பினேன்.

வழியில் பால், வெங்காயம், முழங்கால் நோவுக்குக் குளிசை வாங்கினேன்.

நவம்பர் 7, வெள்ளி

அவருக்கு எடுத்தேன். இந்த நகரத்தின் மற்ற அந்தத்தில், பார்க்டேலில் தனி அறை. மறுத்தால் தங்கச்சிக்கு என்ன சொல்வது, வளைவும் போய்விடும். பழசைக் கிளறுவார் என்றும் பயம்.

"நாளைக்கு லீவு. வாறன்." அவ்வளவுதான்.

நவம்பர் 8, சனி

மழை. லோயரிடம் எனக்கு முதலே வந்து இருந்தார். மெலிந்துவிட்டார். சேர்ட் அயர்ன் பண்ணியிருந்தது. ஆர் பண்ணிக் கொடுத்ததோ.

"அகழியில தண்ணி நிக்குதோ?"

"மாரியில நிக்குமாம்."

"கலியாணத்தண்டு வளவுப் பந்தலுக்கு வரேக்க அகழிப் பலகை சறுக்கினது ஞாபகமோ? மாப்பிள்ளைத் தோழன் என்ர கால் கழுவ முதலே நான் அகழியில குளிச்சாச்சு."

சிரித்துவிட்டேன். பிறகு என்மேலேயே கோபம்.

லோயர் ஐடி பார்த்தான். "அங்கிள், நீங்கள் இவவுக்கு என்ன முறை?" வாயால் சொல்ல வேண்டுமாம்.

"புருசன்."

ஒரு கணமும் யோசிக்கவில்லை. கையெழுத்து வைத்துவிட்டுப் பேனையை மூடினார்.

வாசலில் அவர், "பஸ்ஸிலயோ போறீர்? குடை இருக்கோ?"

இருக்கு என்றேன். இருக்கவில்லை. தெப்பமாக நனைந்து வந்தேன்.

நவம்பர் 10, திங்கள்

தலையிடி, தடிமன். வேலைக்குப் போகவில்லை. தங்கச்சிக்குச் சொன்னேன். அழுதாள். நாளைக்கே வேலி அடைப்பாளாம்.

மத்தியானம் லோயர் எடுத்தான். பத்திரம் அனுப்பியாயிற்று. "அப்ப டிவோர்ஸ் வேலையைத் தொடங்கட்டோ, அன்ரி?"

அடுப்பில் ரசம் பொங்கிக்கொண்டிருந்தது. "அவசரமில்லை தம்பி," என்றேன். "பனிக்காலம் போகட்டும்."